ஒற்றைக் கரை ஆறு

"என் படத்தை எவனும் ரெண்டாந்தரம் பாக்கறதில்லீங்க, அம்மணி," என்றார் சென்னியப்பன்.

அம்சவேணி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்கழி ஞாயிறு. கோபிக்குப் பக்கத்தில் பவானி ஆறு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கேமராவைக் கழுத்தில் மாட்டிய ஏழெட்டுப் பேர் தென்கரையோரமாக முன்னே நடந்துவிட்டார்கள். மார்கழி பிறந்தால் ஞாயிறுதோறும் இவர்களைக் கூட்டிக்கொண்டு ஆற்றோரம் நடப்பது அம்சவேணியின் வழக்கம். நடப்பார். அதிகம் பேச மாட்டார். பேசாத போட்டோ வாத்தியாரிடம் இத்தனை பேர் எதற்கு வருகிறார்கள் என்று கேட்டால், வருகிறவர்களுக்கே தெரியாது.

சீடர்களில் மூத்தவர் சென்னியப்பன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அம்சவேணிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகக் கம்பம் நட்டுக் கம்பி இழுத்த மனுஷர், தன் படத்தில் மட்டும் ஒரு கம்பமும் தலைகாட்டக் கூடாது என்பார்.

"ஏன் பாக்கறதில்லை?" என்று கேட்டார் அம்சவேணி.

"அழகா இருக்குதுங்கறாங்க. சொல்லிட்டு அடுத்த ஆளு படத்துக்குப் போயிடறாங்க."

"அழகா இருந்தா அப்படித்தான்."

"அப்ப அழகில்லாம எடுக்கட்டுங்களா?"

"எடுத்ததைக் காட்டுங்க."

இதற்காகவே காத்திருந்தவர் போல, சென்னியப்பன் தோள்பையிலிருந்து பிரிண்ட் போட்ட படங்களை எடுத்தார். ஒரு கட்டு இல்லை, நாலைந்து கட்டு. அம்சவேணி ஒரு பாறையில் உட்கார்ந்து, அரிசியில் கல் பார்ப்பது போல ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

மூடுபனி. ஒற்றைக் கொக்கு. சிறகு காயவைக்கும் நீர்க்காகம். பாதி நனைந்த படிக்கட்டு. மறுபடி மூடுபனி.

கடைசிப் படத்தையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏனுங்ணா, இந்த ஆத்துக்கு எத்தனை கரை?"

சென்னியப்பன் சிரித்தார். "ஆத்துக்கு எத்தனை கரை இருக்கும்? ரெண்டுதானுங்க."

"இதுல?"

சென்னியப்பன் பாறைமேல் கிடந்த படங்களைப் பார்த்தார். எல்லாவற்றிலும் தண்ணீர் இந்தக் கரையில் தொடங்கியது. ஒன்றிலும் போய் முடியவில்லை.

"பனிங்க," என்றார்.

அம்சவேணி ஒரு படத்தை உருவி எடுத்தார். "இதுல கொக்கோட நிழல் காலடியிலயே கெடக்குது. உச்சிவெயில் வர்ற நேரம். அந்நேரத்துக்குப் பனி ஏதுங்க?"

சென்னியப்பன் தோள்பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"காலை வெயிலெல்லாம் அக்கரை மேலதான் விழுது. நீங்க அந்தப் பக்கம் திரும்பறதே இல்லையே?"

சென்னியப்பன் படங்களை அவசரமாக அடுக்கத் தொடங்கினார். "அந்தப் பக்கம் பாக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க."

"என்ன இல்லை?"

"எங்கண்ணன் தோப்பு," என்றார்.



சண்டை பெரிய சண்டை ஒன்றும் இல்லை. பெரிய சண்டையாக இருந்திருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும்.

அப்பா பாகம் பிரித்தபோது வடகரைத் தோப்பு மூத்தவர் கருப்பணனுக்கும் தென்கரை இளையவர் சென்னியப்பனுக்கும் வந்தது. நடுவில் ஆறு. நினைத்த நேரத்தில் பரிசல் ஏறிப் போவார்கள், வருவார்கள். சென்னியப்பனின் ஒரே மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். அண்ணன் வீட்டுக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாக நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கையில் கொடுத்து அழைக்க வேண்டும். அதுதான் முறை. அந்த வாரம் பார்த்து ஆற்றில் தண்ணீர் பெருகிவிட்டது. பரிசல் போகவில்லை. பாலத்தைச் சுற்றிப் போகலாம்தான். சமையல்காரர், பந்தல்காரர், நகைக்கடை என்று அலைச்சலில் இருந்த சென்னியப்பன், அந்தப் பக்கம் போகிற ஓர் உறவுக்காரர் கையில் பத்திரிகையைக் கொடுத்தனுப்பிவிட்டார்.

"ஆத்துல தண்ணி வந்தா பாலத்தையுமா அடிச்சுட்டுப் போயிருச்சு? ஆளுகிட்டக் கார்டு குடுத்தனுப்ப நான் என்ன அவன் ஆபீசுல கரண்ட்டு பில்லு கட்ட வந்தவனா?" என்றாராம் கருப்பணன்.

கல்யாணத்துக்கு வரவில்லை.

அதற்குச் சென்னியப்பன் ஒரு வார்த்தை சொன்னார். அது அக்கரை போய்ச் சேர்வதற்குள் நாலு வார்த்தை ஆகியிருந்தது. அவ்வளவுதான், பத்து வருஷம் ஓடிப்போனது.

சென்னியப்பனின் மனைவி தெய்வானை இறந்தபோது அண்ணன் பாலம் சுற்றி வந்தார். பந்தலின் கடைசியில் நின்றார். சுடுகாட்டுக்கும் கூடவே வந்தார். எல்லாம் முடிந்து சென்னியப்பன் திரும்பிப் பார்த்தபோது ஆள் இல்லை.



"சரி. இப்ப என்ன வெசனம்?" என்று கேட்டார் அம்சவேணி.

"வெசனம் என்னங்க வெசனம்? பொங்கல் கழிஞ்சா அவரு கோயமுத்தூர் போறாராம். மக வூட்டோட. தோப்பைக் குத்தகைக்கு விட்டாச்சாம். பரிசல்காரரு சொன்னாரு."

"போனா உங்களுக்கென்ன?"

"எனக்கென்னங்க? எனக்கு ஒண்ணுமில்லை." படங்களைப் பையில் திணித்தார். பை வாயை மூட வரவில்லை. மறுபடி வெளியே எடுத்தார். "ஒண்ணுமில்லீங்க. எம் பொண்ணு மஸ்கட்ல இருக்குது. எம் பொண்டாட்டியும் போயிட்டா. அவரும் போயிட்டா இந்த ஆத்தோரத்துல எனக்குன்னு ஒரு ஆளு இல்லை, அவ்வளவுதான். பேசாத ஆளுதான். இருந்தாலும் அங்க இருக்கறாருல்ல?"

அம்சவேணி எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"இந்த வாரம் அக்கரையை எடுத்துட்டு வாங்க."

"எடுத்தா என் படம் நல்லாயிருமுங்களா?"

"படத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே," என்று சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார்.



மறுநாள் விடியலில் சென்னியப்பன் அடுப்பைப் பற்றவைத்தார். தெய்வானை இருந்த நாளிலிருந்து இரண்டு பேருக்கு டீ போட்டுப் பழகிய கை. இன்னும் அது அளவை மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டு டம்ளரில் ஊற்றி, இரண்டையும் அவரே குடித்தார். மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஆற்றுக்கு நடந்தார்.

வழக்கமாக நிற்கும் படியில் போய் நின்றார். கேமராவைக் கண்ணில் வைத்தார். வழக்கம் போல மேற்கே, ஆற்றின் வளைவைப் பார்த்தார். இப்போது வடக்கே திரும்ப வேண்டும்.

கழுத்து திரும்பவில்லை.

கழுத்தில் வலி ஒன்றும் இல்லை. வலதுபக்கம் சாதாரணமாகத் திரும்புகிற கழுத்துதான். பத்து வருஷம் திரும்பாமல் இருந்து பழகிவிட்டது. வடகரையிலிருந்து ஒரு தேங்காய் விழுகிற சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். சென்னியப்பன் அவசரமாக ஒரு மூடுபனியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும். சனிக்கிழமை மட்டும் ஒரு வழி தோன்றியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, உடம்போடு வடக்கே திரும்பி, குத்துமதிப்பாக ஒரு தரம் அமுக்கிவிட்டு, கண்ணைத் திறக்காமலே பழையபடி மேற்கே திரும்பிக்கொண்டார். பார்த்தவர்கள் யாராவது இருந்தால், பெரியவருக்குத் தலைசுற்றல் என்று பிடிக்க ஓடி வந்திருப்பார்கள். தென்கரையில் பார்க்க யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைக் காட்டினார். முக்கால்வாசி வானம். மூலையில் ஒரு தென்னையின் பாதித் தலை.

அம்சவேணி அதை வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணைத் திறந்து எடுத்ததுங்களா?"

"மூடித்தானுங்க," என்றார் சென்னியப்பன். சீடராக இருந்தாலும் பொய் சொல்லும் வயது தாண்டிவிட்டது.

அம்சவேணி சிரிப்பார் என்று நினைத்தார். அவர் சிரிக்கவில்லை.

"லைன்ல வேலை செஞ்சீங்களே. கரண்ட் ஆப் பண்ணியாச்சுன்னு சொல்லுவாங்க. ஏணி மேல ஏறிட்டீங்க. கம்பியைத் தொடறதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்?"

"அதை ஏங்க கேக்கறீங்க. ஆப் பண்ணியாச்சுன்னு தெரியும். டெஸ்ட் பண்ணியும் பாத்திருப்போம். இருந்தாலும் கை கிட்டப் போறப்ப அடிவயிறு ஒரு தரம் கலங்குமுங்க. கடைசி வரைக்கும் அது போகலை."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, தொட்டுருவோம். வேலை ஆகணுமில்லீங்க."

அம்சவேணி தலையாட்டினார். முன்னால் போன கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டார். சென்னியப்பன் அன்று முழுக்க எல்லாருக்கும் பின்னால் தனியாக நடந்தார். இந்த அம்மணியிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்று தோன்றியது. கோபியிலேயே இன்னொருவர் சொல்லித்தருகிறாராம். அவர் நன்றாகப் பேசுவாராம்.



மார்கழியின் கடைசி ஞாயிறு வந்தது.

பனி கொஞ்சம் தாமதமாக விலகிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் வளைவைத் தாண்டிப் போய்விட்டார்கள். பரிசல்துறைக்குப் பக்கத்தில் சென்னியப்பனும் அம்சவேணியும் மட்டும் நின்றார்கள். பரிசல்காரர் மாரப்பன் துடுப்பை ஊன்றிக்கொண்டு கொட்டாவி விட்டார்.

"கேமராவைக் குடுங்க. லென்ஸ்ல பனி படிஞ்சிருக்குது. தொடச்சுத் தர்றேன்," என்றார் அம்சவேணி.

சென்னியப்பன் கழற்றிக் கொடுத்தார்.

அம்சவேணி அதை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். நேரே போய்ப் பரிசலில் ஏறி உட்கார்ந்தார். மாரப்பன் துடுப்பைப் போட்டார்.

"அம்மணி! என்னுங்க இது? எங்க போறீங்க?"

"தொடைக்கற துணி அக்கரையில இருக்குது," என்று பதில் வந்தது.

பரிசல் சுழன்று சுழன்று போயிற்று. பனி அதை மூடிக்கொண்டது.

கரையில் சென்னியப்பன் மட்டும் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஓய்வு பெற்ற வருஷம் மகள் வாங்கிக் கொடுத்த கேமரா அது. அன்றிலிருந்து அது கண்ணுக்கு முன்னால் இல்லாமல் அவர் இந்த ஆற்றங்கரையில் நின்றதில்லை. ஆறு அவருடைய கால்மாட்டில் போய்க்கொண்டிருந்தது. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற தூரத்தில் அவருக்கென்று யாரும் இல்லை. இன்னும் பத்து நாள் போனால் வடகரையிலிருந்து அந்த இருமலும் கேட்காது.

அழுகை வந்தது. கேமராவுக்காக இல்லை என்பது அவருக்கே தெரிந்தது.

பரிசல் காலியாகத் திரும்பி வந்தது.

"ஏறுங்க," என்றார் மாரப்பன்.

"நான் வரலீங்க."

"அம்மணி ரெண்டு பேருன்னுதானே சொன்னாங்க? ஏறுனா போலாம். இல்லீனா நான் டீ குடிக்கப் போறேன்."

சென்னியப்பன் மப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மின்கம்பியைத் தொடுவது போலப் பரிசலின் விளிம்பைத் தொட்டார். ஏறினார்.

போய் நின்றதும் முதலில் என்ன சொல்வது? அண்ணா என்பதா? கேமராவுக்கு வந்தேன் என்பதா? நங்கையா சௌக்கியமா என்று அண்ணன் பெண்டாட்டியை விசாரிப்பதா? அந்த முதல் வார்த்தையைத் தேடி முடிப்பதற்குள் பரிசல் கரை தட்டிவிட்டது. இவ்வளவுதானா இந்த ஆறு என்று இருந்தது அவருக்கு.



பனி விலகி வெயில் விழுந்திருந்தது.

தோப்புப் படிக்கட்டின் மேல்படியில் கருப்பணன் நின்றார். எழுபது வயது ஆள். குளித்து, திருநீறு பூசி, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். அந்தக் குளிரில் போர்த்திக்கொள்ள ஒரு துண்டுகூட இல்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டது. பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவில் நிற்பது போல இரண்டு கையையும் விறைப்பாகத் தொங்கவிட்டிருந்தார்.

அம்சவேணி ஒரு தென்னை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கேமரா.

கருப்பணன் இங்கே வந்து நிற்பது அவருக்கு முன்னமே தெரியுமா? கேட்டால் சொல்லமாட்டார்.

கருப்பணன் தம்பியைப் பார்க்கவில்லை. அம்சவேணியைப் பார்த்தார்.

"வந்தவங்களுக்கு டீ வேணுமான்னு கேளுங்கம்மணி."

அம்சவேணி கேட்கவில்லை.

"குடிச்சாச்சுன்னு சொல்லுங்கம்மணி," என்றார் சென்னியப்பன்.

பேச்சு விட்டுப்போனவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருவரும் நிற்பார்கள், பேச்சு மட்டும் மூன்றாம் ஆள் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். அந்த மூன்றாம் ஆள் வாயே திறக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்தால் போதும்.

"குரல் கம்மியிருக்குதே, சளியான்னு கேளுங்க."

"பனிதான்னு சொல்லுங்க."

"பொங்கல் முடிஞ்சு கெளம்பறேன்னு சொல்லுங்க."

"கேள்விப்பட்டேன்னு சொல்லுங்க."

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. மாரப்பன் பரிசலைக் கட்டிவிட்டு, காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு பீடி பற்றவைத்தார்.

கருப்பணன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தார்.

"தெனமும் எடுக்கறாரே, அந்தப் போட்டோவெல்லாம் எப்படி வந்திருக்குதுன்னு கேளுங்கம்மணி."

"எந்தப் போட்டோன்னு கேளுங்க."

"என்னைய எடுக்கற போட்டோதான்."

சென்னியப்பன் முதல் தடவையாக அண்ணன் முகத்தைப் பார்த்தார். கருப்பணன் இன்னும் அம்சவேணியிடமே பேசிக்கொண்டிருந்தார்.

"விடிஞ்சா அக்கட்டால வந்து நிப்பானுங்க. மூஞ்சியைக் காட்ட மாட்டான். கேமராவைக் கண்ணுல வெச்சுக்குவான். சரி, பேசறதுக்குத்தான் வாய் வரல, போட்டோவாச்சும் எடுத்துட்டுப் போறான்னு நெனச்சேன். நானும் தண்ணி வாத்துட்டு, சலவைச் சட்டை போட்டுட்டு இங்க வந்து நிப்பனுங்க. துண்டைப் போத்துனா மூஞ்சி மறைஞ்சு போயிருமுன்னு போத்தறதில்லை. வூட்டுக்காரி சிரிப்பா. சிரிச்சா சிரிக்கட்டுமுன்னு நிப்பேன். அவன் கேமராவை எறக்குனப்புறந்தான் உள்ள போவேன்."

நிறுத்தினார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்.

"கோயமுத்தூர்ல மக வூட்டுச் செவுத்துல ஒண்ணு மாட்டிக்கலாமுன்னு இருக்கறேன். யாராச்சும் கேட்டா எந்தம்பி எடுத்ததுன்னு சொல்லலாமில்லீங்க? நல்லதாப் பாத்து ஒண்ணு குடுக்கச் சொல்லுங்கம்மணி."

சென்னியப்பன் அம்சவேணியைப் பார்த்தார். அவர் முந்தானையால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்றைக்கு எடுத்து, போன வருஷத்துப் படம் என்று கொடுத்துவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லீங்ணா," என்றார் சென்னியப்பன்.

கருப்பணன் திரும்பினார்.

"ஒண்ணுலயும் நீங்க இல்லீங்ணா. இந்தக் கரையே இல்லை. நான் இந்தப் பக்கம் கண்ணைத் தொறந்து திரும்பவே இல்லை."

கருப்பணன் தென்கரையைப் பார்த்தார். தம்பி வழக்கமாக நிற்கும் படி அங்கே வெறுமனே கிடந்தது. காலைப் பனியில் கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று இங்கிருந்து தெரியாது. கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

"அப்ப இத்தன வருசமா நான் யாருக்குடா நின்னேன்?"

மாரப்பன் பீடியை அணைத்துவிட்டார்.

அம்சவேணி எழுந்து வந்தார். கேமராவைச் சென்னியப்பன் கையில் வைத்தார். தோப்புக்குள் நடந்து, மரங்களுக்கு அந்தப் பக்கம் மறைந்துபோனார்.

சென்னியப்பன் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தார். அண்ணன் முகம் நிறைந்து தெரிந்தது. கண்ணுக்குக் கீழே சதை தொங்கிவிட்டது. மேலுதட்டுக்கு மேல் இன்றைக்குக் காலையில் சவரம் செய்தபோது பட்ட சின்ன வெட்டு, இன்னும் ஈரமாக இருந்தது.

கருப்பணன் பொத்தானை மறுபடி போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். உதட்டை இறுக்கினார். விட்டுவிட்டார். சிரிக்கப் பார்த்தார், அதுவும் சரிப்படவில்லை. கையைப் பின்னால் கட்டினார், உடனே முன்னால் கொண்டுவந்தார்.

"தம்பி, இவ்வளவு கிட்டன்னா மூஞ்சியை எப்படி வெச்சுக்கறதுன்னு தெரியலடா."

சென்னியப்பன் கேமராவை இறக்கினார்.

"எனக்கும் தெரியலீங்ணா."